நேர்காணலில் வினாவும் விடையும்

நுழையும்முன்

மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் தொடங்கி, கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலைவாய்ப்பு எனப் பல இடங்களில் நேர்காணல் என்னும் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. பாடத்தை நன்கு கற்ற மாணவர் பலர் அவ்வாயிலில் நா எழாமல் நின்றுவிடுகின்றனர். பெங்களூரில் பணியாற்றிய ஒரு தமிழ் இளைஞர் எதிர்கொண்ட நேர்காணல்களை, நாம் முன்பே கற்ற வினா, விடை இலக்கணத்தின் துணைகொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

வினா அறுவகை

‘நேர்காணல்’ என்பதற்கு நேராகக் காணுதல் என்று பொருள். ‘சோதித்தல்’ என்றோ ‘வினவுதல்’ என்றோ அதற்குப் பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்டர்வியூ’ என்னும் சொல்லுக்கும் ஒருவரையொருவர் பார்த்தல் என்பதே அடிப்படைப் பொருளாகும். ஆயினும், நேர்காணலுக்குச் செல்லும் இளையோர் பெரும்பாலும் அதனை வாய்மொழித் தேர்வு என்றே கருதுகின்றனர். எதிரில் அமர்ந்திருப்பவருக்கு விடை முன்பே தெரியும், அவ்விடையை நாம் தவறின்றி ஒப்பிக்க வேண்டும் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் பாதி உண்மையே. மறுபாதியை விளக்க இலக்கணம் உதவும்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. இவற்றுள் முதல் இரண்டே இப்பாடத்திற்கு இன்றியமையாதவை. தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவரா எனத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் “இச்செய்யுளின் பொருள் யாது?” எனக் கேட்பது இவ்வகை. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியா வினா. மாணவர் ஆசிரியரிடம் அதே செய்யுளின் பொருளைக் கேட்டால் அது இவ்வகை. தொடர் மாறவில்லை; கேட்பவர் மாறியதும் வினாவின் வகையும் மாறிவிடுகிறது.

நேர்காணலில் இவ்விரண்டும் கலந்தே வரும். “நியூட்டனின் மூன்றாம் விதி யாது?” என்பது அறிவினா. “பள்ளி ஆண்டுவிழாவில் நீங்கள் ஏற்ற பொறுப்பு என்ன? அதில் எது கடினமாக இருந்தது?” என்பதோ அறியா வினா. அதற்கு விடை எந்நூலிலும் இல்லை. அவ்வறையில் அதை அறிந்தவர் விடை கூறவேண்டியவர் ஒருவரே. அந்த ஒரு வினாவின் அளவில், நாற்காலியின் விளிம்பில் அஞ்சி அமர்ந்திருப்பவரே ஆசிரியர்; எதிரில் இருப்பவர் மாணவர். இதை உணர்ந்தவருக்கு அச்சத்தின் பெரும்பகுதி அப்போதே குறைந்துவிடும்.

டேராடூனில் ஒன்பதாம் இடம்

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பயின்றார். அந்நிறுவனத்தில் சேரத் தேவைப்பட்ட ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய தமக்கை சொகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதைக் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். விமானப் பொறியியல் கற்றபின் அவர் பயிற்சி பெற வந்த இடம் பெங்களூர். 1940இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், விமான எந்திரங்களைப் பிரித்துச் சீரமைக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். நூலில் படித்த எந்திரம் அங்கே அவர் கையில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியது.

பயிற்சி முடிந்ததும் இரண்டு வாய்ப்புகள் தோன்றின. ஒன்று இந்திய விமானப்படை. மற்றொன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழிருந்த தொழில்நுட்ப மேம்பாட்டு, உற்பத்தி இயக்ககம். இரண்டிற்கும் விண்ணப்பித்தார். இரண்டு அழைப்புகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்தன. விமானப்படை டேராடூனுக்கும், இயக்ககம் தில்லிக்கும் அழைத்தன. விமானம் ஓட்டுவது அவருடைய நெடுநாள் கனவு. ஆகவே, அவர் மனம் முழுவதும் டேராடூனிலேயே இருந்தது.

தில்லி நேர்காணல் எளிதாக முடிந்தது. வழக்கமான வினாக்கள், அவருடைய அறிவுக்கு அவை சவாலாக அமையவில்லை. அங்கே கேட்கப்பட்டவை பெரும்பாலும் அறிவினாக்கள் எனலாம். ஒரு வாரம் கழித்து டேராடூன் சென்றார். அங்கே தேர்வுக் குழுவினர் அறிவைக் காட்டிலும் ஆளுமைக்கே முதலிடம் தந்தனர். ஒருவர் எப்படி நிற்கிறார், எப்படிப் பேசுகிறார், பிறரோடு எப்படிப் பழகுகிறார் என்பவை எடைபோடப்பட்டன. கலாமின் உள்ளத்திலோ ஊக்கமும் நடுக்கமும் ஒருங்கே நின்றன. உறுதி இருந்தது, அதனோடு பதற்றமும் இருந்தது. 25 பேர் கலந்துகொண்டனர். தேர்ந்தெடுக்கப்பட இருந்தவர் 8 பேர். கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

ஓரிடத்தில் அனைத்தையும் வைத்துவிட்ட இளைஞருக்கு அது சிறிய இழப்பன்று. அவர் மனம் தளர்ந்து இரிஷிகேசம் சென்றார். அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பின்னர்த் தில்லிக்குத் திரும்பி, இயக்ககத்தில் தம் நேர்காணலின் முடிவை வினவினார். விடையாகப் பணி ஆணையே கையில் தரப்பட்டது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகப் பணியில் சேர்ந்தார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. டேராடூனில் கலாமிடம் அறிவு குறைவாக இருந்ததாகக் கொள்ள இடமில்லை. விமானத்தின் உள்ளுறுப்புகளைத் தம் கையால் தொட்டுச் சீரமைத்தவர் அவர். எது நடந்தாலும் வென்றே ஆகவேண்டும் என்னும் பெருவிருப்பம், பேச்சைத் தளர்த்தும் சுமையாக மாறிவிடும். தேர்வறைக்குள் நுழையும் மாணவர் பலர் இதை அறிவர்.

பெங்களூரில் ஒரு மிதவை ஊர்தி

சில காலத்திற்குப் பின் பெங்களூரில் விமானவியல் மேம்பாட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. கலாம் அங்கே பணியமர்த்தப்பட்டார். தரைக்கும் ஊர்திக்கும் இடையே காற்றை அழுத்தி, அக்காற்று மெத்தையின் மீது மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு, கலாம் உள்ளிட்ட நால்வர் குழுவுக்கு அளிக்கப்பட்டது. அத்தகைய ஊர்தியைப் பற்றிப் படிக்கப் போதிய நூல்கள் இல்லை. கேட்டறிய வல்லுநரும் இல்லை. குழுவினர் தாமே வரைந்து, தாமே செய்து, தாமே பிழை கண்டு திருத்தினர். சிவபெருமானின் ஊர்தியை நினைந்து அதற்கு ‘நந்தி’ என்று பெயரிடப்பட்டது. தன் எடையையும் சேர்த்து 550 கிலோகிராம் பாரத்தை, 40 மில்லிமீட்டர் காற்று மெத்தையின் மேல் அது தாங்கி நின்றது.

அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் இம்முயற்சியில் ஆர்வம் காட்டினார். ஒருநாள் அவரே ஊர்தியில் ஏறி அமர்ந்தார். உடன் வந்த விமானப்படை அதிகாரி, போதிய பழக்கமில்லாத இளைஞரிடம் அமைச்சரை ஒப்படைக்க அஞ்சி, தாமே அதனை ஓட்டுவதாகக் கூறினார். கலாம் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்து மறுத்தார். அமைச்சர் அதனைக் கண்டு நகைத்து, ஊர்தியைக் கிளப்புமாறு கலாமுக்கே சைகை காட்டினார். இலக்கணப்படி அத்தலையசைப்பு ஒரு மறை விடை. அதில் பணிவுக் குறைவு இல்லை. தம் கையால் செய்த பொருளைத் தம்மால் ஓட்ட இயலும் என்னும் தெளிவு மட்டுமே இருந்தது. டேராடூனில் நடுங்கிய அதே இளைஞர்தாம் இவர் என்பதை நினைக்க வேண்டும்.

எனினும், நந்தி நெடுநாள் ஓடவில்லை. திட்டம் தடைகளில் சிக்கி நின்றது. உழைப்பெல்லாம் வீணாயிற்றோ என்று கலாம் வருந்தியிருந்த வேளையில், நிறுவனத்தின் இயக்குநர் மேதிரத்தா அவரை அழைத்து, முக்கியமான ஒருவர் ஊர்தியைப் பார்க்க வருகிறார் என்றார். வந்தவர் உயரமானவர், தாடி வைத்தவர். ஊர்தியைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களைத் தொடுத்தார். பின்னர், தம்மை அதில் ஏற்றிச் செல்ல இயலுமா என்று கேட்டார். கலாம் அவரை ஏற்றிக்கொண்டார். பத்து நிமிடம் அவ்விருவரும் தரைக்குச் சற்றே மேலே மிதந்து சென்றனர். இறங்கியபின் வந்தவர் கலாமைப் பற்றியும் சில வினாக்கள் கேட்டார், நன்றி கூறினார், தம்மை அறிமுகம் செய்துகொண்டு விடைபெற்றார். அவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம். ஜி. கே. மேனன். இயற்பியல் அறிஞரான அவர் மங்களூரில் பிறந்தவர்.

ஒரு வாரத்தில் கலாமுக்கு ஓர் அழைப்பு வந்தது. விண்வெளி ஆய்வுக்கான இந்தியத் தேசியக் குழு 1962இல் அமைக்கப்பட்டிருந்தது. அக்குழுவில் ஏவூர்திப் பொறியாளர் பணிக்கு மும்பையில் நடைபெறும் நேர்காணலுக்கு வருமாறு அவ்வழைப்பு கூறியது.

உண்மையில், கலாமின் நேர்காணல் பெங்களூரிலேயே நடந்து முடிந்துவிட்டது எனலாம். மேசை இல்லை, எதிரில் மூவர் குழு இல்லை, புதுச் சட்டை இல்லை. தாம் நேர்காணலில் இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது. பேராசிரியர் மேனன் கேட்டவை அறியா வினாக்கள். நந்தி எவ்வாறு மிதக்கிறது என்பதை அவர் மெய்யாகவே அறிய விரும்பினார். கலாமும் மெய்யாகவே அதை அறிந்திருந்தார். இறுதி வினாவுக்கு அவர் அளித்த விடையோ சொல்லால் ஆனதன்று. பத்து நிமிடப் பயணமே அவ்விடை.

மும்பையில் மூவர்

மும்பைக்குப் புறப்பட்ட கலாமுக்குப் படித்துத் தயாராக நேரம் இல்லை. இத்தகைய நேர்காணலில் என்ன கேட்பர் என்று சொல்லித்தரவும் யாரும் இல்லை. வெற்றியைப் பற்றிய கவலையைத் தள்ளிவைத்து, வருவதை வருவதுபோல் ஏற்பது என்று அவர் முடிவு செய்துகொண்டார். டேராடூன் கற்றுத்தந்த பாடம் அது.

நேர்காணலை நடத்தியவர் டாக்டர் விக்ரம் சாராபாய். அவருடன் பேராசிரியர் மேனனும், அணுசக்தி ஆணையத்தின் துணைச் செயலாளர் சராஃபும் இருந்தனர். அறைக்குள் நுழைந்தவுடனேயே சாராபாயின் கனிவு கலாமைக் கவர்ந்தது. இளைஞரிடம் பேசும்போது உயர்பதவியில் இருப்போர் சிலரிடம் வெளிப்படும் செருக்கு அவரிடம் இல்லை. கலாம் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதை அளக்கும் வினாக்களை அவர் கேட்கவில்லை. இவ்விளைஞரால் இனி என்னவெல்லாம் இயலும் என்பதையே அவருடைய வினாக்கள் தேடின. நம் இலக்கணத்தின்படி, சாராபாய் கேட்டவையும் அறியா வினாக்களே. இந்தியாவில் அதுவரை யாரும் செய்யாத பணிக்கு ஆள் தேடியவர் அவர். அறிவினா கேட்பதற்கு அங்கே முன்பே எழுதிவைத்த விடை ஏது?

ஓரிரு நாள் மும்பையில் தங்குமாறு கூறினர். ஆனால், மறுநாள் மாலையே தேர்வு செய்தி வந்துவிட்டது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணை நோக்கிச் சென்றபோது, அதன் பகுதிகளை ஒருங்கிணைக்கும் பணியிலும் பாதுகாப்புப் பணியிலும் கலாம் ஈடுபட்டிருந்தார்.

விடை எண்வகை

வினா ஆறு எனின் விடை எட்டு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. முதல் மூன்றும் வெளிப்படை விடைகள்; ஏனைய ஐந்தும் குறிப்பு விடைகள். அன்றாடப் பேச்சில் குறிப்பு விடைக்குத் தனி அழகு உண்டு. “கடைக்குப் போவாயா?” என்று அம்மா கேட்க, “கால் வலிக்கிறது” என்று பிள்ளை சொன்னால், அம்மாவுக்குப் புரிந்துவிடும். அது உற்றது உரைத்தல். முன்பின் அறியாத ஒருவர் எதிரில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அழகு எடுபடாது.

பெங்களூரில் அடிக்கடி எழும் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். “உங்களுக்குக் கன்னடம் எழுதத் தெரியுமா?” என்று நேர்காணலில் கேட்கின்றனர். “பேசத் தெரியும்” என்று மட்டும் சொல்வது இனமொழி விடை. அது பொய்யன்று. எனினும், கேட்பவர் மனத்தில் ‘எதையோ மறைக்கிறார்’ என்ற ஐயம் எழும். “எழுதத் தெரியாது, ஐயா. நன்றாகப் பேசுவேன். எழுத்துகளை இப்போது கற்று வருகிறேன்” என்பது மறை விடையில் தொடங்கி, இனமொழியில் வளர்ந்து, செய்துவரும் முயற்சியில் முடிகிறது. ‘தெரியாது’ என்ற சொல்லை முதலில் கூறும் துணிவே பின்வரும் ‘தெரியும்’ என்பதை நம்பச் செய்கிறது.

தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் நிற்கும். அதனால் காரணங்களையெல்லாம் அடுக்கி, கருத்தைக் கடைசியில் வைப்பது நமக்கு இயல்பாகிவிடுகிறது. நேர்காணலில் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடை முதலில் வரட்டும். காரணம் பின்னால் வரலாம். தொடர்களும் சிறியனவாக இருத்தல் நன்று. நீண்ட தொடரின் நடுவில் மூச்சு முட்டினால், சொல்ல வந்தது மறந்துபோகும்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’

ஏறத்தாழ எல்லா நேர்காணலும் இந்த ஏவலோடுதான் தொடங்கும். தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் ஓரிடத்திற்கு ஒரு மாணவி செல்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள். தந்தை கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் பூ விற்பவர். வீட்டிலிருந்து வந்ததைச் சொல்ல அம்மாணவிக்குக் கூச்சம். எனவே, இவ்வாறு விடை கூறுகிறார்:

“நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ளேன். கடினமாக உழைப்பேன். புத்தகம் படிப்பது என் பொழுதுபோக்கு.”

அலுவலர் அடுத்து என்ன கேட்பார்? “கடைசியாகப் படித்த புத்தகம் எது? எழுதியவர் யார்?” என்றுதான் கேட்க முடியும். மாணவியின் விடையே அறிவினாவுக்கு வழி திறந்துவிட்டது. இனி அவர் தேர்வு எழுதுபவர்போல் திணற வேண்டியதுதான்.

அதே மாணவி வேறு வகையாகவும் சொல்லலாம்:

“வணக்கம், ஐயா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ளேன். என் தந்தை மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்கிறார். வந்த பூவுக்கும் விற்ற பூவுக்கும் இரண்டு ஆண்டுகளாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். முதலில் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். கடனுக்குக் கொடுத்ததைத் தனிப் பக்கத்தில் எழுதத் தொடங்கிய பிறகு இடிப்பதில்லை.”

இப்போது அலுவலர், “கடனைத் தனியே எழுதவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?” என்று கேட்பார். அது அறியா வினா. அதற்கான விடை மாணவியிடம் மட்டுமே உள்ளது. இவ்வாறு அடுத்த வினா எதுவாக அமையவேண்டும் என்பதை ஓரளவு விடை கூறுபவரே தீர்மானிக்கிறார். நேர்காணலைப் பற்றிய பயிற்சி நூல்களில் உடை, நடை, கைகுலுக்கல் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகக் காணப்படும். தூய உடையும் நேரம் தவறாமையும் வேண்டியவைதாம். அவற்றை ஒரு மாலையில் கற்றுவிடலாம். தாம் செய்த ஒரு செயலை, அதில் நேர்ந்த சிக்கலோடும் கண்ட தீர்வோடும் சேர்த்து நான்கு தொடர்களில் சொல்லக் கற்பதற்கோ பல நாள் வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் அத்தகைய செயல்கள் ஏராளமாக உள்ளன. வங்கியில் படிவம் நிரப்பத் தாய்க்கு உதவியவர், மருத்துவமனையில் மருத்துவரின் கன்னடத்தைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைத்தவர், வீட்டு உரிமையாளரிடம் தந்தையின் சார்பில் பேசியவர் எனப் பலர் இதே வகுப்பறையில் இருக்கக்கூடும். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றொரு மொழியில் சொல்வது எளிய திறமையன்று. பத்து வயதில் அதைச் செய்யத் தொடங்கியவர்கள், அதனை ஒரு திறமை என்றே எண்ணாமல் விட்டுவிடுகின்றனர்.

எம்மொழியில் எண்ணுவது?

தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றபோது கலாம் ஒரு கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். அந்நிறுவனத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டி அது. நம் விமானத்தை நாமே உருவாக்குவோம் என்னும் பொருளில் அவர் தமிழில் எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவனிடமிருந்து அப்பரிசைப் பெற்றார். விமானப் பொறியியலை அவர் ஆங்கிலத்தில் கற்றார். தில்லியிலும் மும்பையிலும் தமிழில் விடை கூறியிருக்க முடியாது. எனினும், தாம் என்ன செய்ய விரும்புகிறோம் என்பதைத் தாய்மொழியில் முதலில் தெளிவாக எழுதிப் பார்த்தவர் அவர்.

பெங்களூர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். எதிலும் முழுமை இல்லையோ என்னும் தயக்கம் சிலருக்கு உண்டு. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று அஞ்சி, மனப்பாடம் செய்த ஆங்கிலத் தொடர்களை விரைவாக ஒப்பிப்போரும் உளர். ஒப்பித்த தொடர் நடுவில் அறுந்தால் தொடர வழியில்லை. சொல்லவேண்டியதை முதலில் தமிழில் எழுதி, அதன் வரிசையை மட்டும் நினைவில் வைத்து, பிறகு வேண்டிய மொழியில் பேசிப் பழகியவருக்கு அந்தத் துன்பம் இல்லை. ஒரு சொல் கிடைக்காவிட்டால் வேறொரு சொல்லால் அதே கருத்தைச் சொல்லலாம், கருத்து அவருடையது.

அல்சூர் ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் பெங்களூர் மாணவர் பலர் பார்த்திருப்பர். அப்புலவரின் நூலில் ‘அவை அறிதல்’ 72ஆம் அதிகாரம். ‘அவை அஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னும் வைக்கப்பட்டிருக்கும் முறை நோக்கத்தக்கது. செல்லும் நிறுவனம் என்ன செய்கிறது, எதிரில் அமர்வோர் எப்பணிக்கு ஆள் தேடுகின்றனர், அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது எது என்பவற்றை முன்பே கேட்டறிவது அவை அறிதல். இவற்றை அறியாமல், கண்ணாடி முன் நின்று அஞ்சாமையை மட்டும் பழகுவோர் இரண்டாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகின்றனர்.

நேர்காணலின் இறுதியில், “நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?” என்று கேட்கும் வழக்கம் உண்டு. “ஒன்றும் இல்லை, ஐயா” என்பதே பெரும்பாலோர் விடை. “முதல் மாதத்தில் நான் எந்தப் பணியைக் கற்கவேண்டியிருக்கும்?” என்று கேட்பவர், தாமும் ஓர் அறியா வினாவைத் தொடுக்கிறார். அப்போதுதான் அது இருவரும் ஒருவரையொருவர் நேராகக் காணும் காட்சியாகிறது.

சொற்பொருள்

ஏவல் – கட்டளை
இன்றியமையாத – மிகவும் தேவையான
ஏவூர்தி – ராக்கெட்
செருக்கு – ஆணவம்
பயனிலை – தொடரின் கருத்தை முடித்துவைக்கும் சொல்
கணக்கு இடித்தல் – வரவும் செலவும் ஒத்துவராமை
அவை – கற்றோர் கூடிய இடம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஒரே தொடர் அறிவினாவாகவும் அறியா வினாவாகவும் அமைவது எவ்வாறு?
2. டேராடூன் தேர்வில் எத்தனை பேர் கலந்துகொண்டனர்? எத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட இருந்தனர்?
3. அமைச்சர் முன்னிலையில் கலாம் தலையசைத்தது எவ்வகை விடை?

ஆ. விடையின் வகையைக் கண்டறிந்து எழுதுக.
1. “உங்களுக்கு இந்தி படிக்கத் தெரியுமா?” – “தெரியும், அம்மா.”
2. “இரவுப் பணிக்கு வருவீர்களா?” – “வராமல் இருப்பேனா?”
3. “கணினியில் தமிழ் தட்டச்சு செய்வீர்களா?” – “ஆங்கிலம் தட்டச்சு செய்வேன்.”
இவற்றுள் நேர்காணலுக்குப் பொருந்தாத விடைகளைப் பொருந்துமாறு மாற்றி எழுதுக.

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
‘கலாமின் நேர்காணல் பெங்களூரிலேயே நடந்து முடிந்துவிட்டது’ என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.

ஈ. செயல்பாடு
கடந்த ஓராண்டில் வீட்டிலோ பள்ளியிலோ நீங்கள் செய்த ஒரு செயலை, அதில் நேர்ந்த சிக்கலோடு நான்கு தொடர்களில் தமிழில் எழுதுக. அதனை அருகில் அமர்ந்திருக்கும் மாணவரிடம் கூறுக. அவர் உங்களிடம் மூன்று வினாக்கள் கேட்கட்டும். அவற்றுள் அறியா வினாக்கள் எத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க.